குமட்டாத பக்கம்

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் பேசலாம்தான். ஆனால் என் காது மந்தம் உனக்குத் தெரியும். நீ சொல்வதை நான் இரண்டு தரம் கத்திக் கேட்பதற்குள் உன் அத்தைக்கும் அடுத்த வீட்டுக்கும் விஷயம் போய்விடும். அதனால்தான் நீ வேலை பார்க்கும் புத்தகக் கடைக்கே எழுதுகிறேன். நீ இந்த வீட்டை விட்டுப் போன இரண்டு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம், அதுவும் உதவி கேட்டு. வெட்கம் கெட்டவன் என்று நினைத்துக்கொள். ஆனால் படி.

உன் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. போகிறபோது அது மூக்கையும் கெடுத்துவிட்டுப் போனது. முதலில் எந்த வாசனையும் தெரியவில்லை. பிறகு தெரிய ஆரம்பித்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். காபி சாக்கடை மாதிரி நாறுகிறதாம். வெங்காயம் வதக்கினால் செத்த எலியாம். "நாக்குல கோளாறு இல்ல சார். மூக்கு நரம்பு திரும்ப முளைக்கறப்போ தப்புத் தப்பா சேதி சொல்லும். சரியாக மாசக்கணக்கா ஆகலாம்" என்கிறார் டாக்டர். அதுவரை எதைத் தின்பது? பிறந்ததிலிருந்து சாப்பிட்டது எல்லாமே அவளுக்கு இப்போது ஓங்கரிப்பு. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது.

நம் சமையல் ஆகாவிட்டால் வேறு நாட்டுச் சமையல் ஆகாதா என்று எனக்கு ஒரு யோசனை. பஸ் நிலையத்துக் கடையில் நூறு நாட்டுச் சமையல் என்று தலையணை மாதிரி ஒரு புத்தகம் வாங்கினேன். அதைப் பார்த்ததும் எனக்கே குமட்டல் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவோ ஐரோப்பாவோ, எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் வரி "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்." இதற்கு உலகம் எதற்கு, நம் அடுப்பே போதுமே! "ஒரு கப்" என்கிறான், எந்தக் கப் என்று சொல்லவில்லை. "ஒரு கைப்பிடி" என்கிறான், யார் கை? எடை அளவுத் துறையில் ஆயுசைக் கழித்தவன் நான். இவன் கடை வைத்திருந்தால் தராசைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நல்ல புத்தகம் எது என்று உனக்குத் தெரியும். அனுப்பு. அத்தைக்கு இது தெரிய வேண்டாம்.

மாமா


ஜூன் 11

மாமாவுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கலாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன்.

யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைவிருக்கிறதா? என் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த ஒரு காரணத்துக்காக, நான் கல்யாணமாகி உங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க, என் கை பட்ட எதையும் அத்தை வாயில் வைக்கவில்லை. "தோல் நாத்தம் மூணு தலைமுறைக்குக் கையை விட்டுப் போகாது" என்று என் காதில் விழும்படியே சொல்வார். உங்கள் மகன் கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்த அன்று நான் சமைத்ததை, சூடு ஆறுவதற்குள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைக் கூடையில் கொட்டினார். நீங்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "விடும்மா, அவ சுபாவம் அப்படி" என்றீர்கள். மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன்.

இப்போது அவருக்கு எல்லாமே நாறுகிறது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்ததாகப் பொய் எழுதவும் வராது.

ஆனால் சமையல் புத்தக அலமாரி என் பொறுப்பு. கடைக்குள் வந்து கேட்கிற எவருக்கும் சொல்வதைச் சொல்கிறேன். நூறு நாட்டை ஒரே அட்டைக்குள் அடைக்கிற புத்தகத்தைத் தொடாதீர்கள். எழுதியவர் நூறு சமையலறையில் நின்றிருக்க மாட்டார். ஒரே மேஜையில் உட்கார்ந்து நூறு புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்திருப்பார். ஒரு நாடு போதும். அதிலும் ஒரு வட்டாரம் என்றால் இன்னும் நல்லது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பண்டம் அதில் இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தெரிந்ததிலேயே தப்பு இருந்தால் தெரியாததில் எவ்வளவு இருக்கும்? நிமிஷக் கணக்கு மட்டும் சொல்கிற புத்தகம் வேண்டாம். கண்ணுக்கு எந்த நிறம், காதுக்கு எந்தச் சத்தம் என்று சொல்ல வேண்டும். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதை எழுதியவர்தான் உண்மையில் சமைத்தவர், கெடுத்தும் பார்த்தவர்.

படத்தை நம்பவே நம்பாதீர்கள். உணவைப் படம் எடுக்கிற ஒருவர் போன மாதம் கடைக்கு வந்திருந்தார். பால் என்று நாம் பார்ப்பது பசையாம். பொன்னிறமாக வறுபட்ட கோழி, உள்ளே பச்சையாகவே இருக்கிற, மேலே சாயம் பூசிய பிணமாம். பெருமையாகச் சொன்னார். அன்று என்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை.

எது நாறுகிறது, எது நாறவில்லை என்று பார்த்து எழுதுங்கள். ஊகிக்க வேண்டாம். அது தெரியாமல் புத்தகம் எடுத்துத் தர என்னால் முடியாது.

புத்தகக் கடைக்காரி


ஜூன் 22

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் பாதிக்குப் பதில் எழுதுகிறேன்.

காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த பொரித்த எதுவும், சாக்லேட், பற்பசை, இவையெல்லாம் நாற்றம். ஆறிய வெறும் சோறு நாறவில்லை. தயிர் பரவாயில்லை. புளிப்புப் பழம், இஞ்சி இரண்டுக்கும் முகம் சுளிக்கவில்லை. நானே கண்டுபிடித்த ஒன்று: சூடு ஏற ஏற நாற்றம் ஏறுகிறது, ஆறினால் அடங்குகிறது.

நீ சொன்னதைக் கேட்காமல் நடுவில் இன்னொரு புத்தகம் வாங்கித் தொலைத்தேன். அட்டையில் ஒருத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாத்திரத்துக்குள் குனிந்து சிரிக்கிறாள். முடி விழாதா? பத்து நிமிஷச் சமையல் என்று தலைப்பு. உள்ளே போனால் "முந்தின நாளே ஊறவைத்த" என்று வருகிறது. அதைப் பார்த்து ஆறிய நூடுல்ஸில் வேர்க்கடலையை வறுத்து அரைத்துப் போட்டேன். கிண்ணத்தை மேஜையில் வைத்ததும் உன் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். மிச்சத்தை நான் தின்றேன். களிமண்ணில் கயிறு கிடந்த மாதிரி இருந்தது.

நான் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் பக்கத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறாள். குளிக்காமல் வந்தாலும் விடமாட்டேன் என்கிறாள். நேற்றுத் தன் புறங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். "என் மேலயே நாறுதுங்க. நான்தான் அழுகிட்டிருக்கேனா?" என்று கேட்டாள்.

சீக்கிரம் அனுப்பு.

மாமா


ஜூலை 1

மாமாவுக்கு,

மூன்று புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன்.

முதலாவது ஹங்கேரி நாட்டு வீட்டுச் சமையல். பழத்தில் செய்கிற குளிர்ந்த சூப்புகள் ஓர் அத்தியாயம் முழுக்க இருக்கின்றன. புளிப்புச் செர்ரி கிடைக்காவிட்டால் புளிப்புப் பிளம்ஸ் போடலாம், தித்திக்கும் பழத்தைப் போடாதே, போட்டால் பாயசமாகிவிடும் என்று அந்த அம்மாள் திட்டாத குறையாக எழுதியிருக்கிறார். எதற்கு எதை மாற்றலாம், எதற்கு மாற்றே இல்லை என்று சொல்கிறவரை நம்பலாம். இரண்டாவது ஜப்பான். வினிகர் கலந்த ஆறிய சோறு, கடற்பாசி ஊறவைத்த தண்ணீர், இப்படி அடுப்பின் வாடையே இல்லாத பக்கங்கள் நிறைய. எடை எல்லாம் கிராமில் இருக்கிறது. உங்கள் தராசுக்கு வேலை வரும்.

மூன்றாவது போர்ச்சுகல் கடற்கரைச் சமையல். பக்கத்துக்குப் பக்கம் பூண்டும் எண்ணெயும். இது அத்தைக்கு ஆகாது. உங்களுக்கு. அவர் ஒருத்தர் மூக்குக்காக நீங்களும் பழத்தைத் தின்றே காலம் தள்ள முடியாதே. பின் பால்கனியில் ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றை எடுக்க அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். எவ்வளவு குப்பை, மாமா! போகாத நாட்டைப் பற்றி, தின்னாத பண்டத்தைப் பற்றி, கூசாமல் எழுதுகிறார்கள். "மணக்க மணக்க" என்று எழுதியவர் எதையும் முகர்ந்தே பார்த்ததில்லை. இதை நானே தினமும் சிரித்த முகத்தோடு விற்கிறேன். கை கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.

அத்தை புறங்கையை முகர்ந்தார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக் குளியலறையில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தினமும். ஒரு வாசனையும் வராது. வராவிட்டாலும் விடாமல் முகர்வேன்.

பார்சலில் என் பெயர் இல்லை.


ஜூலை 13

அன்புள்ள மருமகளுக்கு,

நல்லதை முதலில் எழுதுகிறேன். ஹங்கேரிக்காரி ஜெயித்துவிட்டாள். பிளம்ஸை வேகவைத்து, பட்டை போட்டு, புளித்த பாலாடையில் மாவைக் கரைத்து ஊற்றி, பிரிட்ஜில் வைத்து எடுத்தேன். ரோஜா நிறத்தில் மருந்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. பழத்தை சூப் என்று குடிக்கிற ஜனங்களை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. உன் அத்தை ஒரு வாய் எடுத்தாள். நான் பாத்திரம் ஏந்திக்கொண்டு தயாராக நின்றேன். இரண்டாவது வாய் எடுத்தாள். கிண்ணம் காலி. "இன்னும் இருக்கா?" என்றாள். நான் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதோடு ஜப்பான் சோறும் சேர்ந்து ஒரு வாரம் ஓடியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது.

அடுத்தது கெட்டது. நேற்றுக் கிண்ணத்தை வழித்துக்கொண்டே கேட்டாள்: "யாரு இந்தப் புஸ்தகமெல்லாம் பொறுக்கிக் குடுத்தது? உங்களுக்கு இவ்வளவு அறிவு கிடையாதே." நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சாப்பிடுகிற முகத்தைப் பார்த்த தைரியத்தில் உன்னைச் சொல்லிவிட்டேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ கையால புரட்டுன பக்கமா?" என்றாள். எழுந்து போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். உடம்புக்கு ஒத்துக்கொண்டதை வேண்டுமென்றே வெளியே தள்ளினாள். அந்தச் சத்தத்தை என் மந்தக் காதும் கேட்டது.

கல்யாணமான நாளாக அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. நேற்று உயர்த்தினேன். "மூக்குல இல்லடி நாத்தம், உனக்கு மண்டைக்குள்ள!" என்று கத்தினேன். அடுத்த வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

என்ன செய்வது என்று எழுது.

மாமா


ஜூலை 17

மாமாவுக்கு,

புத்தகங்களைத் திருப்பி அனுப்புங்கள்.

பசி எடுத்துக் குடித்த வயிற்றுக்குத் தெரியவில்லையாம், பெயரைக் கேட்ட காதுக்குத் தெரிந்துவிட்டதாம், நாறுகிறதென்று. சீ. படித்தபோது எனக்கு வாய்க்குள் எச்சில் ஊறி, கடையின் பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

நீங்கள் குரல் உயர்த்தியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். நான் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டிருந்த அன்று உயர்த்தியிருக்க வேண்டிய குரல் அது.

இனி எழுத வேண்டாம். உங்கள் மகன் கரைக்கு வந்தால் அவரிடம் கேளுங்கள். கப்பலில் பல நாட்டுச் சாப்பாடு தின்கிறவர்தானே.


ஜூலை 26

அன்புள்ள மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். புத்தகங்களை அனுப்ப முடியவில்லை. உன் அத்தை கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

அன்றைக்குப் பிறகு நான் அடுப்படிப் பக்கம் போகவில்லை. தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டேன். "பட்டினி கிடந்தா கிட" என்று விட்டுவிட்டேன். கிடந்தாள், வெறும் தயிரை நக்கிக்கொண்டு. பிறகு ஒரு காலையில் சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒரு பழைய துணியைப் பக்கத்தின் ஓரத்தில் போட்டு, துணியோடு சேர்த்துப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிப் படிக்கிறாள். பேசாமல் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடி போட ஒரு கை வேண்டுமே, துணி நழுவிவிட்டது. அவள் அதை எடுத்து மறுபடி போடவில்லை.

அவளே சூப் செய்தாள். நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. அதாவது, எனக்குக் குமட்டல் கொஞ்சம் குறைவாக இருந்தது.

நேற்று உன் அத்தை சொன்னது: "உங்க கை ஆகாது. எனக்கும் நின்னு சமைக்கத் தெம்பு இல்ல. அவளுக்குத்தான் இந்தப் புஸ்தகமெல்லாம் புரியும். வந்து கொஞ்ச நாள் சமைச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அம்மா, உன் பெயரைச் சொல்லாவிட்டாலும் "அவளை வரச் சொல்லுங்க" என்று இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எப்போது வருகிறாய்?

மாமா


ஆகஸ்ட் 2

மாமாவுக்கு,

உச்சி குளிர்ந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். அது அழைப்பில்லை. வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார். நாற்றம் பிடித்த கையாக இருந்தாலும் வேலைக்கு ஆகும் என்று இப்போது தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

சமைக்க வர மாட்டேன்.

சாப்பிட வருகிறேன். ஒரே ஒரு வேளை. அத்தை தன் கையால் சமைத்து, தன் கையால் பரிமாறி, எனக்கு எதிரில் உட்கார வேண்டும். என்ன சமைப்பது என்றும் நானே சொல்கிறேன்: பூண்டு நிறையத் தட்டிப் போட்டு, எண்ணெயில் வறுத்த மீன். போர்ச்சுகல் புத்தகத்தில் இருக்கிறது. நல்ல பக்கம் அது. எனக்கு ரொம்பப் பிடித்தது.

முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி போதும். பதினேழாம் தேதி எனக்கு விடுமுறை.


ஆகஸ்ட் 8

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். பூண்டும் மீனும் எண்ணெயும்! ஒன்றே அவளைக் கொல்லும், மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறாய். அடுத்த வீட்டில் மீன் பொரித்தாலே இவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். வேறு ஏதாவது கேளேன். கோபம் இருக்கட்டும், அதற்கும் ஓர் அளவு உண்டு என்று எழுத உட்கார்ந்தேன்.

உன் அத்தை பின்னால் நின்று படித்துவிட்டாள். இப்போது என் கண்ணாடி அவள் மூக்கில்தானே இருக்கிறது.

கத்துவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் படித்தாள். பிறகு, "அந்த மூணாவது புஸ்தகம் எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"வேணாம்டி, உன்னால முடியாது."

"வரச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க வீட்டுல இருக்கக் கூடாது. நடுவுல வந்து 'விடும்மா, விடும்மா'ன்னு நிப்பீங்க."

ஆகவே வா. நான் பூங்காவில் இருப்பேன்.

மாமா


ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமா,

நீங்கள் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். அத்தை உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

கதவைத் திறந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதி ஆள். "உக்காரு" என்றார். மேஜையைக் காட்டினார். அங்கிருந்து சமையலறை முழுதும் தெரியும், உங்களுக்கே தெரியும். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. மூக்கில் பஞ்சு வைத்து அடைத்திருந்தார். புத்தகத்தை உப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்தியிருந்தார்.

எண்ணெய் காய்ந்து பூண்டு விழுந்ததும் அவர் உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. பஞ்சு என்ன தாங்கும்? பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினார். வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, பக்கத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி அடுப்புக்கு வந்தார். வாசனை பார்த்துத் திருப்ப முடியாதே. ஓரம் வைக்கோல் நிறம் ஆகிறதா என்று குனிந்து பார்த்தார். சடசடப்பு அடங்குகிறதா என்று காதைச் சாய்த்தார். மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி தொட்டிக்குப் போனார்.

உண்மையை எழுதுகிறேன். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டும், நன்றாக வேண்டும் என்று இருந்தது. அந்த மீனை நான் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, மாமா. அவருக்கு எது அதிகம் நாறும் என்று உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு தேடித்தான் கேட்டேன். முடியாது என்று எழுதுவார், நான் ஜெயித்துவிடலாம் என்று இருந்தேன். இரண்டாவது தடவை சத்தம் கேட்டபோது, அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்திருக்கலாம். "அத்தை, போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "உக்காருன்னேன்ல" என்று திரும்பாமலே சொன்னார்.

தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையை எடுத்தார், மூக்கைப் பொத்தப் போகிறார் என்று நினைத்தேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மடியில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது குமட்டலால் வந்ததா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் மாட்டேன்.

நான் சாப்பிட்டேன். ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது.

மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நான் வாயில வெச்சுப் பாக்கல. உப்பு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கம்மி, அத்தை."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், உப்பை எடுத்து வந்து, என் பக்கத்தில் வைத்தார்.

உங்கள் மருமகள்